‘போட்டு வாறன்’ என்று சொல்லாதீர்கள்

போன வசந்தத்தில் நான் ஓய்வு பெற்றபோது உங்களில் சிலர் வந்து, "அன்ரி, உங்கட அனுபவங்களை எழுதித் தாங்கோ, புதுசா வேலைக்கு வாற எங்களுக்கு உதவும்" என்று கேட்டீர்கள். ஓம் என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் பேசாமல் இருந்தேன். கள்ளம்தான். எழுத உட்கார்ந்தால் நான் நல்லாகச் செய்த வேலை எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஒரு பிழைதான் வந்து முன்னால் நிற்கிறது. அந்தப் பிழையை நான் தமிழில் செய்தேன். ஜேர்மனில் செய்திருக்கவே முடியாது. அதனால் தமிழ்ப் பிள்ளைகளோடு தமிழில் கதைக்கப் போகிற உங்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன்.

அறிக்கை எழுதுவது, மருந்து கொடுப்பது, பெற்றோரோடு கூட்டம் வைப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் படித்துப் பட்டம் எடுத்து வந்தவர்கள். நான் அதே சிறுவர் இல்லத்தின் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்று, பிறகு வேலையோடு வேலையாகப் படித்து, பிள்ளைகள் பக்கம் வந்தவள். ஆகவே அந்தப் பாடமெல்லாம் நான் எடுக்கப் போவதில்லை.

எங்கள் இல்லம் சுவிஸில், லாங்கன்தாலுக்குப் பக்கத்தில். எங்கள் குழுவின் தலைவி ஒரு சுவிஸ்காரி. பத்து வசனம் கேட்டால் இரண்டு வசனம் பதில் சொல்கிற ஆள். நான் பிள்ளைகள் பக்கம் வந்த முதல் நாளில் எனக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "இந்தப் பிள்ளைகளிடம் ‘வருகிறேன்’ என்று சும்மா சொல்லாதே. நாளும் நேரமும் தெரிந்தால் சொல்லு. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லு." இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். தலையாட்டிவிட்டுப் போய் மேசை துடைத்தேன்.

கோடை விடுமுறையில் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் யாராவது சொந்தத்திடம் போவார்கள். போக இடமில்லாத பிள்ளைகளை ஊர்த் தேவாலயம் ஒவ்வொரு வருடமும் தன் லாகருக்கு அழைக்கும். ஓபர்லாந்தில், மலைக்குக் கீழே ஒரு பெரிய மரவீடு. ஒரு கிழமை பாட்டு, நடை, நெருப்பு மூட்டிச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கலாம், பிள்ளைகள் ஒரு சின்ன நாடகம் போடுவார்கள். அடுத்த நாள் திரும்பி வருவோம். அந்த வருடம் ஆறு பிள்ளைகள். தலைவியும் நானும் கூடப் போனோம். ஆறு பேரில் ஒருத்தி தமிழ்ப் பிள்ளை. அபிநயா. அபி என்று கூப்பிடுவோம். ஒன்பது வயது.

அபி இங்கே பிறந்தவள். தகப்பன் வேறு நாட்டுக்குப் போய்த் தொடர்பே இல்லை. தாய் பேர்ணில் ஒரு சமையலறையில் வேலை செய்தவர். மனம் சரியில்லாமல் போய், ஒரு கட்டத்தில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கவும் எழும்ப முடியாத நிலை வந்ததால், பிள்ளை எங்களிடம் வந்தாள். கெட்ட மனிசி இல்லை. அதை நான் எங்கேயும் சொல்வேன். 

அபிக்குத் தமிழ் விளங்கும். கதைப்பது கொஞ்சம். மற்றப் பிள்ளைகளோடு சுவிஸ் ஜேர்மன்தான். தமிழ் எழுத்தில் அவளுக்குத் தெரிந்தது ‘அம்மா’ என்ற ஒரு சொல். அதை எழுதப் பழக்கினது நான். தமிழ் கதைக்கிற பெரிய ஆள் என்று அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

லாகருக்குத் தாயின் சம்மதம் வேண்டும். தொலைபேசியில் யோசிக்காமல் லாகரைத் தமிழாக்கி ‘முகாம்’ என்று சொல்லிவிட்டேன்.  "என்ர பிள்ளையை ஏன் முகாமுக்கு அனுப்புறியள் அக்கா?" என்று கேட்டார். அவர் சண்டைக்காலத்தில் எந்த முகாமில் இருந்து வந்தவர் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் தெரியாமல் இல்லை. "ஐயோ தங்கச்சி, இது லாகர். பிள்ளையள் விளையாடப் போறது" என்று ஒருமாதிரிச் சமாளித்தேன். அந்த ஒரு சொல்லிலேயே நான் புத்தி படித்திருக்க வேண்டும்.

புறப்பட்ட திங்கட்கிழமை காலையில் லாங்கன்தால் புகையிரத நிலையத்துக்குத் தாய் வந்திருந்தார். அந்தப் புதன்கிழமை அவர் மருத்துவமனையில் நீண்ட சிகிச்சைக்காகச் சேர இருந்தார். அது கோப்பில் இருந்தது. நான் வாசித்திருந்தேன். இதை மறந்துவிடாதீர்கள், நான் வாசித்திருந்தேன்.

கைப்பையில் இருந்து சின்னத் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். பேர்ண் கோயிலில் வாங்கியது. "சேர்ச்சுக்குப் போற பிள்ளைக்குப் பூசலாமோ அக்கா? ஆரும் ஏதும் சொல்லுவினமோ?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். பூசுங்கோ."

பூசினார். அபியின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார். ரெயில் வந்தது. பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, "போட்டு வாறன் அம்மா" என்று சொல்லித் திரும்பி நடந்தார். பின்னால் பார்க்கவில்லை.

தலைவி என் பக்கம் குனிந்து, தாய் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். ‘போய்விட்டு வருகிறேன்.’ எவ்வளவு அழகான மொழி எங்களுடையது என்று காட்டுகிற ஆசை வேறு. போகும்போதுகூட நாங்கள் போகிறேன் என்று சொல்லமாட்டோம் என்றும் ஒரு விளக்கம் கொடுக்க வாய் எடுத்தேன். அதற்குள் ஒரு பிள்ளையின் முதுகுப்பை அறுந்து விழ, ஓடினேன். விளக்கம் வாயோடு நின்றுவிட்டது.

ரெயிலில் நான் சாப்பாட்டுப் பொதி பிரித்துக்கொண்டு நின்றபோது அபி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அன்ரி, அம்மா வருவாவோ?"

"ஓம், போட்டு வாறன் எண்டுதானே சொன்னவ. இந்தா, சீஸோ வேணும், முட்டையோ வேணும்?"

அவள் முட்டை எடுத்தாள். நான் அடுத்த பிள்ளையிடம் போனேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எங்கள் ஆட்கள் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது சொல்கிற சொல் அது. அதற்கு ‘வருகிறேன்’ என்று அர்த்தமே இல்லை. கடைக்குப் போகிறவனும் சொல்வான், நாட்டை விட்டுப் போகிறவனும் சொல்வான். நானும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன், திரும்பிப் போகவில்லை. தமிழ் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு அது காதில் விழுந்து விழுந்து தானாக விளங்கும். அபிக்கு அந்த வீடு இருக்கவில்லை. அவளிடம் இருந்தது சொல் மட்டும். அதைத் தனக்குத் தெரிந்த ஜேர்மனில் மாற்றிப் பார்த்தால் ஒரே ஒரு அர்த்தம்தான் வரும்.

லாகர் நன்றாகத்தான் போனது. அதை நடத்திய தேவாலயப் போதகர் நல்ல மனிதர். அபி அதிகம் வாய் திறக்கமாட்டாள் என்று கண்டு, நாடகத்தில் அவளுக்குப் பேச்சு இல்லாத வேடம் ஒன்று கொடுத்தார். நோவாவின் பேழை. பிள்ளைகள் மிருகங்களாக இரண்டு இரண்டாக உள்ளே போவார்கள். கடைசியாக அபி உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்த வேண்டும். அதைச் சாத்தினவுடன் மேளம் அடிக்கும், மழை தொடங்கும். கதவு என்றால் மட்டைக் கதவு இல்லை. பழைய களஞ்சியத்துக் கதவொன்றைப் புல்வெளியில் சட்டம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். பாரமான கதவு. அபி ஒத்திகையில் இரண்டு கையாலும் பிடித்து இழுப்பாள். முகம் சிவந்துவிடும். அந்த வேலை அவளுக்கு நல்லாகப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள், ஞாயிறு வருகிறவர்களின் மேசைக்குப் பெயர்ப்பலகை செய்தார்கள். சின்ன மரத்துண்டில் பெயர் எழுதி நிறம் தீட்டுவது. வர ஆளில்லாத பிள்ளைகள் போதகருக்கும் சமையல்காரருக்கும் செய்தார்கள். அபி ஒரு மூலையில் இருந்து நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். நான் போய் எட்டிப் பார்த்தேன். தமிழில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தது.

"ஆருக்குப் பிள்ளை இது?"

"அம்மாவுக்கு. ஞாயிறு வாறா."

"ஆர் சொன்னது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க."

 தலைவியிடம் போனேன். அவர் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். திங்கட்கிழமைப் பக்கத்தில், தாய் திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றார் என்று அவரின் கையெழுத்தில் இருந்தது. சிகிச்சைக்கு நடுவில் ஞாயிறு மட்டும் வெளியே வர அனுமதி எடுத்திருப்பார் என்று அவர் நினைத்திருக்கிறார். மொழிபெயர்த்தவள் நான் அல்லவா. ஏன் சந்தேகப்பட வேண்டும்?

சனிக்கிழமை காலை மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுத்தேன். தாயின் குரல் மருந்தில் இழுபட்டது. ஞாயிறு வருவதாகப் பிள்ளையிடம் சொன்னீர்களோ என்று கேட்டேன்.

"இல்லையே அக்கா. இவையள் இப்ப வெளிய விடாயினமே. நான் போட்டு வாறன் எண்டு மட்டும்தானே சொன்னனான்."

"அவள் அதை வாறன் எண்டு எடுத்திட்டாள், தங்கச்சி."

 பிறகு சொன்னார். "பின்னை என்னத்தைச் சொல்லுறது அக்கா? பெத்த பிள்ளையிட்ட போறன் எண்டு சொல்லுறதோ?"

தொலைபேசியை வைத்துவிட்டு, தாய் சொன்னதைத் தலைவிக்கு ஜேர்மனில் சொன்னேன்.

தலைவி கேட்டுக்கொண்டு நின்றார். "இன்றைக்கே சொல்லிவிடு. இப்போதே சொல்லு" என்றார். நான் மாட்டேன் என்றேன். நாளைக்கு நாடகம் முடியட்டும், பிள்ளை சந்தோஷமாகக் கதவைச் சாத்தட்டும், மத்தியானம் சாப்பிட்ட பிறகு நானே ஆறுதலாகச் சொல்கிறேன் என்றேன். எங்கள் ஆட்களின் பழக்கம் இது, உங்களுக்கும் தெரியும். கூடாத செய்தி வந்தால் முதலில் ஆளைச் சாப்பிட வைப்போம். சாப்பிட்டு முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கமாட்டோம். எத்தனை சாவீட்டுச் செய்தி எங்களுக்கு அப்படி வந்திருக்கிறது. அது இரக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தலைவி என்னைப் பார்த்தார். "உனக்கு அவளை என்னைவிடக் கூடத் தெரியும்" என்று விட்டுவிட்டார். தெரியும் என்று நானும் நம்பினேன்.

ஞாயிறு நல்ல வெயில். புல்வெளியில் ஆட்கள் இருக்க வாங்குகள் போட்டிருந்தது. முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். நாடகம் தொடங்கியது. ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் உள்ளே போயிற்று. போதகர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். ‘எல்லோரும் உள்ளே வந்த பின் கதவு சாத்தப்பட்டது.’

அபி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாத்தவில்லை.

உள்ளே இருந்த பிள்ளைகள், "அபி, சாத்து" என்று குசுகுசுத்தார்கள். போதகர் அந்த வசனத்தைத் திரும்பவும் வாசித்தார். அபி இல்லை என்று தலையை ஆட்டினாள். "இன்னும் ஆள் வர இருக்கு" என்று ஜேர்மனில் சொன்னாள். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவளுக்குப் பேச்சில்லை என்று தெரியாதவர்கள் நாடகத்தில் ஒரு பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். சிலர் கைதட்டினார்கள்.

அவள் கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் பஸ் வளைவில் ஏறி வந்துகொண்டிருந்தது. நின்றது. முதுகுப்பையோடு ஒரு வயதான சோடி இறங்கி மறுபக்கம் நடந்தது. பஸ் போய்விட்டது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

மேளக்காரப் பிள்ளை குச்சியை உயர்த்தியபடி நின்றான். போதகர் என்னைப் பார்த்தார். தலைவியும் என்னைப் பார்த்தார். எனக்கு இரண்டு வழி இருந்தது. "சாத்து பிள்ளை, அம்மா பிறகு வருவா" என்று சொன்னால் சாத்தியிருப்பாள். நாடகம் முடிந்திருக்கும். சத்தியமாக அது என் நாக்கு நுனி வரை வந்தது. நான் எழும்பிப் போய் அவள் முன்னால் முழங்காலில் இருந்தேன்.

"அபி, அம்மா இண்டைக்கு வரமாட்டா."

"பஸ் இன்னும் ஒண்டு இருக்கு."

"அதிலயும் வரமாட்டா, பிள்ளை. அவ ஆசுப்பத்திரியில. எனக்கு நேற்றே தெரியும்."

அவள் பஸ்ஸை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நேற்றே தெரியுமோ?"

"ஓம்."

"போட்டு வாறன் எண்டு சொன்னவ."

"அது போகேக்க சொல்லுறது. வாறன் எண்டு இல்லை. நாங்கள் போறன் எண்டு சொல்லுறேல்லை, அதாலதான்."

அவள் யோசித்தாள். நெற்றியில் அன்று திருநீறு இல்லை. சும்மா வேர்வைதான். "அப்ப உண்மையாப் போனா என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டாள்.  

அபி இரண்டு கையாலும் கதவைப் பிடித்துத் தள்ளினாள். கதவு சாத்துப்பட்டது. மேளம் அடித்தது, மழை தொடங்கியது. ஒத்திகையில் எப்போதும் உள்ளே போய்த்தான் இழுத்துச் சாத்துவாள். அன்று வெளியில் நின்று சாத்திவிட்டாள். நாடகம் முடியும்வரை கதவுக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்றாள். நான் கையைப் பிடித்தேன். அவள் கையைத் தந்தாள், ஆனால் என் கையைத் திரும்பப் பிடிக்கவில்லை.

தாய் வராததை அவள் எப்படியோ தாங்கியிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். இந்தப் பிள்ளைகள் அதற்குப் பழகினவர்கள். நான் முதல் நாளே தெரிந்துகொண்டு அவளுக்குக் கஞ்சி ஊற்றி, தலை வாரி இழுத்து, நாடகத்துக்குச் சட்டை மாட்டிவிட்டேனே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை சொல்லியிருந்தால் சனிக்கிழமை அழுதிருப்பாள். ஞாயிறு அவள் அழவே இல்லை. அழுத பிள்ளையை நீங்கள் தூக்கலாம். அழாத பிள்ளையை என்ன செய்வது?

பெயர்ப்பலகையை அவளே மேசையில் இருந்து எடுத்து வந்து, தாய்க்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினோம். தாய் தொலைபேசியில் என்னிடம், "வடிவா எழுதியிருக்கிறாள் அக்கா" என்றார். அதை வைத்திருக்கிறாரோ தெரியாது.

இல்லத்துக்குத் திரும்பின பிறகு தலைவி என்னைக் கூப்பிட்டு ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. நானே ஒரு முடிவெடுத்தேன். வேலை முடிந்து வெளிக்கிடும்போது அபியிடம் போய், "அபி, நான் போறன். செவ்வாய்க்கிழமை காலமை ஏழு மணிக்கு நிப்பன்" என்று சொல்லத் தொடங்கினேன். முதல் தடவை அந்தச் சொல் வாயில் இருந்து வரவே மாட்டேன் என்றது. நாற்பத்தைந்து வயது வரை சொல்லாத சொல். குசினிக்குப் புதுசாக வேலைக்கு வந்த எங்கள் ஆள் ஒருத்தி கேட்டுவிட்டு, "என்ன அக்கா, வீட்டுக்குப் போற நேரம் அபசகுனமாக் கதைக்கிறியள்?" என்றாள். பழக்கதோஷத்தில் ஒருநாள் வீட்டிலும் "நான் வேலைக்குப் போறன்" என்று சொல்லிவிட, என் மனிசன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "உமக்கென்ன விசரோ? உள்ள வந்து இருந்திட்டுப் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போம்" என்றார். உள்ளே போய் இருந்து எழும்பித்தான் போனேன்.

அபி செவ்வாய்க்கிழமை காலையில் படியில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏழுக்கு இரண்டு நிமிடம் பிந்தினாலும் சொல்லிக் காட்டுவாள். நான் பிந்தாமல் வரப் பழகினேன். ஒரு கட்டத்தில் அவளும் அப்படிச் சொல்லத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் வெளிக்கிடும்போது, "அன்ரி, நான் போறன். நாலு மணிக்கு வருவன்."  சொன்னபடி நாலு மணிக்கு வருவாள்.

இரண்டு வருடம் கழித்து, தாய் இனி வீட்டில் பிள்ளையை வைத்திருக்க முடியாது என்று முடிவானது. ஆராவ் நகருக்கு அப்பால் ஒரு குடும்பம் அவளை வளர்க்க எடுத்தது. நல்ல குடும்பம், தமிழ் இல்லை. அழைத்துப்போக வந்த நாளில் அவளின் சாமான்களைக் காரில் ஏற்றினோம். தலைவி பிள்ளையைக் கட்டிப்பிடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மனிசி அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்க விடவில்லை.

அபி பின்சீட்டில் இருந்து பெல்ட் போட்டாள். கண்ணாடியை இறக்கினாள். பதினொரு வயது. எனக்கு வாய் நிறையப் ‘போட்டு வாங்கோ’ இருந்தது. கடித்துக்கொண்டு நின்றேன்.

"அன்ரி, நான் போறன்" என்றாள்.

"ஓம் பிள்ளை."

பிறகு அவள் நாளும் நேரமும் சொல்லுவாள் என்று நான் கார்க் கதவில் கை வைத்தபடி நின்றேன். கண்ணாடி ஏறியது. கையை எடுத்துக்கொண்டேன்.